என் கிட்னியை ஊரில் சேர்த்த கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் என் இடது கிட்னியை என் அண்ணனுக்குக் கொடுத்தேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஏதோ கோயில் வாசலில் நின்று பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். கொடுத்த பிறகு அந்தக் கிட்னியை வைத்து நான் அவனைத் திட்டிய திட்டெல்லாம் காதில் விழுந்தால் கும்பிட வந்த கை தானாக இறங்கிவிடும். எங்கள் குடும்பத்தில் ஒரு பொருளைக் கொடுப்பது சுலபம். கொடுத்த பிறகு அதைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஒருவருக்கும் வராது.

நான் பிறந்தது பசியாவரம், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவு. வாழ்க்கைப்பட்டது லைட்ஹவுஸ் குப்பம், கடலைப் பார்த்த ஊர். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தண்ணீர்தான் என்றாலும் இரண்டு ஊருக்கும் ஒத்துப்போகாது. கடல்காரன் எல்லாம் முரடன் என்பது ஏரிக்காரர்களின் கட்சி. ஏரிக்காரன் முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பிடிக்கிறவன், அவனெல்லாம் ஒரு மீன்காரனா என்பது கடல்காரர்களின் கட்சி. நான் கல்யாணம் ஆகிக் கடலோரம் வந்து பால்வாடி டீச்சர் வேலையில் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போய்வந்தார். அண்ணன் பசியாவரத்திலேயே ஏரியில் இறால் வலை போட்டுப் பிழைத்தான்.

அவனுக்கு முதலில் முகம் வீங்கியது. பிறகு கால். யாரோ வைத்த கண் என்று சுற்றிப் போட்டார்கள். பழவேற்காட்டில் காட்டினார்கள், பொன்னேரியில் காட்டினார்கள். கடைசியாகப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார். மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்யலாம், ஆனால் அது ரொம்ப நாள் ஓடாது, வீட்டு ஆள் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் பிழைப்பான் என்றார்.

அண்ணனுக்காக உயிரையே கொடுப்பேன் என்று சொல்லாத ஆள் பசியாவரத்தில் இல்லை. உயிரெல்லாம் வேண்டாம், கிட்னி மட்டும் போதும் என்றதும் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் இன்னும் குறைந்தது. ஊசியைக் கண்ணால் பார்த்த பிறகு எங்கள் நைனாவும் நானும்தான் நின்றோம். நைனாவுக்கு வயது அதிகம் என்று கழித்துவிட்டார்கள். என்னுடையது பொருந்தியது.

என் வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"ரெண்டு இருக்குதா சார் இவளுக்கு?"

"எல்லாருக்கும் ரெண்டுதான்."

"ஒண்ணு எடுத்துட்டா மீதி ஒண்ணு போதுமா?"

"தாராளமா போதும். எந்த வித்தியாசமும் தெரியாது."

"இவ கோவம் கூட கொறையாதா சார்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க."

"அதான பாத்தேன்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது எனக்கு விலாவை இரண்டாகப் பிளந்த மாதிரி வலி. அந்தக் காலத்தில் கொடுக்கிறவளுக்குத்தான் பெரிய வெட்டு. பக்கத்து வார்டில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டுக்கொண்டிருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்துவிட்டு, வழியில் என்னையும் எட்டிப் பார்த்து, "நீ நல்லாத்தான கீற" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் முனகக்கூட முடியாமல் படுத்திருந்தேன். ஆனால் அவன் சிறுநீர் கழித்துவிட்டான் என்று அண்ணி ஓடிவந்து சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்னுடைய கிட்னி போன இடத்தில் போன உடனே வேலையைத் தொடங்கிவிட்டது. நான் பால்வாடிக்குக்கூட அப்படி நேரத்துக்குப் போனதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது அண்ணன், அண்ணி, நான், எங்களோடு துணைக்கு வந்திருந்த பசியாவரம் ஊர்த் தலைவர் எல்லாரையும் உட்காரவைத்து டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொன்னார். பெயர் அசாதயோப்ரின். மங்கின மஞ்சள் நிறத்தில் சின்ன மாத்திரை. கூடவே சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று. தினம் காலையில் போட வேண்டும். ஒரு நாள்கூட விடக் கூடாது. உடம்புக்குள் காவல்காரர்கள் இருக்கிறார்கள், வெளியிலிருந்து கிருமி வந்தால் அடித்துத் துரத்துவது அவர்கள் வேலை, தங்கச்சி கிட்னியும் வெளியிலிருந்து வந்ததுதான், அதையும் அடிப்பார்கள், அடிக்காமல் அவர்களை அடக்கி வைக்கிறது இந்த மாத்திரை என்றார்.

ஊர்த் தலைவருக்கு இது உடனே புரிந்தது. டாக்டருக்குப் புரிந்ததைவிட அதிகமாகவே புரிந்தது. அதுதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் காரணம்.

இங்கே ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பழவேற்காடு ஏரியில் கண்ட இடத்தில் கண்டவன் வலை போட முடியாது. இறால் கிடைக்கிற இடங்களுக்கு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடம் இவனுக்கு, நாளைக்கு அவனுக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்துக்கொள்கிற முறை அது. அதற்குப் பெயர் பாடு. பாடு இல்லாத வெளி ஆள் வந்து வலையை இறக்கினால் வலையை அறுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள்.

"அதே சங்கதிதான்" என்று பஸ்ஸில் வரும்போது தலைவர் எங்களுக்கு விளக்கினார். "இவன் ஒடம்பு நம்ப ஏரின்னு வெச்சிக்க. தங்கச்சி கிட்னி கடல்காரன். பாடு இல்லாம உள்ள வந்து வலை போட்டுட்டான். நம்ப ஆளுங்க சும்மா வுடுவானுங்களா? அறுக்க வருவானுங்க. அந்த மாத்திரை இன்னா பண்ணுது? அவனுங்களுக்குத் தெனம் சாராயம் வாங்கி ஊத்தி அந்தாண்ட படுக்க வைக்குது."

நான் பசியாவரத்தில் பிறந்தவள், என் கிட்னி எப்படிக் கடல்காரன் ஆகும் என்று கேட்டேன். கட்டிக் கொடுத்த பிறகு பெண்ணும் பெண்ணோடு இருப்பதும் புகுந்த ஊருக்குச் சேர்ந்தது என்று தலைவர் சொன்னார். அண்ணி ஆமாம் என்றாள். பின்சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஆள் ஒருவரும் ஆமாம் என்றார்.

ஊருக்கு வந்ததும் அடுத்த தொல்லை. அந்த மாத்திரை காவல்காரர்களை அடக்கி வைப்பதால் சின்னக் காய்ச்சல், சளிகூட அவனுக்கு ஆகாது, ஆட்களை நெருங்கவிட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவனைப் பார்க்கப் போகவில்லை என்றால் அது பகை. போய்விட்டுத் தொட்டுப் பார்க்கவில்லை என்றால் அதுவும் ஒரு மாதிரி பகைதான். அதிலும் புதுக் கிட்னியை முதுகுப் பக்கம் வைக்காமல் முன்னால் அடிவயிற்றில் வைத்திருந்தார்கள். கை வைத்தால் மேடு தெரியும். படகு படகாக ஆள் வந்தது. அண்ணி பழைய வலை ஒன்றை எடுத்து வாசலுக்குக் குறுக்கே கட்டிவிட்டாள். வலைக்கு உள்ளே அண்ணன், வெளியே ஊர். "இங்கதான் இருக்குதா? கொஞ்சம் இந்தாண்ட திரும்புபா" என்று கிழவர்கள்கூட வலைக்கண்ணில் விரலை விட்டுக் காட்டிக் கேட்டார்கள்.

வெள்ளை மாத்திரை போட்டால் பசி எடுக்கும், முகம் உப்பும். அண்ணன் முகம் பௌர்ணமி மாதிரி ஆனது. ஊரில் எல்லாரும் தேறிவிட்டான், சதை போட்டுவிட்டான் என்று மெச்சினார்கள். பசி என்றால் அப்படி ஒரு பசி. குழம்பு கொதிக்கும்போதே தட்டை வைத்துக்கொண்டு உட்காருவான். தாமதமானால் கத்துவான். அதற்கு முன்னால் அவன் ஒரு வார்த்தை உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. மாத்திரையால் இப்படி எரிச்சல் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "மாத்திரையாவது ஒண்ணாவது, தங்கச்சி கிட்னி பேசுது" என்றார்கள். அவன் கத்தினால் என்னைத் திட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் வேறு. எங்கே கல்யாணம், காதுகுத்து என்று போனாலும் அண்ணனைக் கைகாட்டி, "உள்ள இருக்கிறது என் பொண்டாட்டி சொத்து, பாத்து நடந்துக்க மச்சான்" என்பார். அண்ணன் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பினாலே போதும், "நீ குடி, அது குடிக்காது" என்று நடுவழியில் மறிப்பார். அவர் மட்டும் போய்க் குடித்துவிட்டு வருவார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அண்ணன் மறுபடி ஏரியில் இறங்கினான். நான் நிம்மதியாகப் பால்வாடியில் பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தலைவருக்கு யோசனை வந்தது. பசியாவரத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்க வருகிற மாப்பிள்ளைக்கு உடனே பாடு கிடையாது. ஒரு வருஷம் பிறர் படகில் கூலிக்குப் போகவேண்டும், வம்புதும்பு இல்லாமல் இருக்கவேண்டும். வருஷம் முடிந்ததும் கோயில் முன்னால் வெற்றிலை பாக்கு வைத்து ஊருக்குச் சோறு போடுவான். தலைவர் எழுந்து, "இவன் நம்ப ஆளா?" என்று மூன்று தடவை கேட்பார். ஊர் மூன்று தடவையும், "நம்ப ஆளு" என்று சொல்லும். அதோடு அவன் உள்ளூர்க்காரன். அதற்குப் பிறகு அவன் வலையில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

"கிட்னியும் ஒரு வருசம் ஒழைச்சிடுச்சி. எந்த வம்புக்கும் போவல. இன்னும் எத்தினி நாளைக்குக் காவல்காரனுக்குச் சாராயம் ஊத்துவ? மொறையா ஊர்ல சேத்துக்கினா அவனே வந்து கும்புடு போட்டுட்டுப் போறான்" என்றார் தலைவர்.

எனக்கும் ஆள் வந்தது. விருந்து என்று சொன்னார்கள், நானும் வீட்டுக்காரரும் படகேறிப் போனோம். பெரிய நண்டு, கொடுவா, இறால் எல்லாம் வெந்துகொண்டிருந்தது. வேடிக்கைக்குத்தான் செய்கிறார்கள் என்று நான் நினைத்தேன். கோயில் முன்னால் அண்ணன் புது வேட்டியில் சட்டை போடாமல் நின்றான், கிட்னி ஊருக்குத் தெரிய வேண்டும் என்று. கடல் பக்கத்துச் சார்பில் என் வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டைக் கொடுத்தார். தலைவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஊர், "நம்ப ஆளு" என்று கத்தியது. அண்ணன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்து பந்தியில் உட்காரும் நேரத்தில் ஒருவன் எழுந்தான்.

"தலைவரே, ஒரு சந்தேகம். கிட்னிய பாட்ல சேத்தாச்சி. அப்ப இவனுக்கு ஒரு சீட்டா, ரெண்டு சீட்டா?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிட்னிக்குத் தனிச் சீட்டு என்றால் அண்ணனுக்கு இரண்டு முறை இறால் பாடு வரும். அது மற்றவர்கள் வயிற்றில் அடிப்பது. கிட்னி தனி ஆள் என்று இப்போதுதானே ஒப்புக்கொண்டோம், ஆளுக்கு ஒரு சீட்டு என்பதுதானே சட்டம் என்று அண்ணனின் கூட்டாளிகள் மடக்கினார்கள். அப்படியென்றால் கிட்னி தனியாக வலை பிடிக்கட்டும் என்று எதிர்க்கட்சி. சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான்.

தலைவர் கையை உயர்த்தினார். "நிறுத்துங்கபா. அது பொம்பள கிட்னி. பொம்பளைக்கு எந்தக் காலத்துல பாடு குடுத்தோம்? சீட்டு கெடையாது. ஒக்காந்து துன்னுங்க."

ஊர் ஒரே மனதாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்தது. எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"ஒரு வருசமா எங்க அண்ணன் ஒண்ணுக்குப் போறதே என் கிட்னியால. ஒழைக்கச் சொல்லோ ஆளு, சீட்டுன்னு வந்தா பொம்பளையா?" என்று பந்தி நடுவில் நின்று கேட்டேன். என் இலையில் இன்னொரு நண்டு வைத்தார்கள். நண்டைப் பார்த்ததும் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அது நடந்து சில வாரம் இருக்கும். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மருந்துக்கடை பாய் என்னைக் கூப்பிட்டார். அண்ணனுக்காக மட்டுமே பட்டணத்திலிருந்து அந்த மஞ்சள் மாத்திரையை வரவழைத்து வைப்பவர் அவர். அந்த வட்டாரத்தில் அதை வாங்குகிற ஒரே ஆள் அண்ணன்தான்.

"தங்கச்சி, உங்க அண்ணன் ஊர்ல இல்லியா? மாத்திரை வந்து அப்படியே கீது. போன தபாவும் வாங்கல. வேற கடையில எங்கயும் கெடைக்காதேம்மா."

கையிலிருந்த பையை அவர் கடையிலேயே போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடினேன். படகு ஏறினதும் தெரியாது, இறங்கினதும் தெரியாது. வீட்டில் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் மினுமினுவென்று வீங்கியிருந்தது. கண் இரண்டு கோடாக இருந்தது. உடம்பு சுட்டது. அடிவயிற்றில் என் கிட்னி இருந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். தொட்டால் வலிக்கிறது என்றான்.

"ஒண்ணுக்குப் போறியா?"

"கொஞ்சமா."

"மாத்திரை?"

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்தாள். "அதான் ஊர்ல சேத்துக்கினாங்களே. இனிமே எதுக்குன்னு சொல்லி அன்னிலேர்ந்து போடல" என்றாள்.

அதற்குப் பிறகு நான் பேசியது எதையும் அச்சில் போட முடியாது. என் உடம்பைக் கிழித்துக் கொடுத்தேன், இவர்கள் அதற்குப் பந்தி போட்டுக் கொலை செய்கிறார்கள் என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். சத்தம் கேட்டுத் தலைவர் வந்தார். அண்ணன் காலைப் பார்த்ததும் படகைக் கொண்டுவர ஆள் அனுப்பினார். படகில் அண்ணனை ஏற்றும்போது அவரும் கூடவே ஏறினார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணனுடைய வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அண்ணியும் நானும் தலைவரைப் பார்த்தோம். தலைவர்தான் முன்னால் வந்து, ஒன்றையும் மறைக்காமல், வெற்றிலைத் தட்டிலிருந்து சீட்டுச் சண்டை வரை சொன்னார். நடுவில் நர்ஸ் இரண்டு தடவை வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"ஊர் ஒத்துக்கிட்டாலும் உடம்பு ஒத்துக்காதுங்க. இப்ப அந்தக் கிட்னிய அடிச்சுக்கிட்டு இருக்கு."

"ஒரு வருசம் ஆயிடுச்சே டாக்டர்."

"ஒரு வருஷம் இல்ல, பத்து வருஷம் ஆனாலும் அதுக்கு அது அந்நியம்தான். உசிரோட இருக்கிற வரைக்கும் மாத்திரை போட்டே ஆகணும்."

தலைவருக்கு இது பொறுக்கவில்லை. "அவ்ளோ ஒழைச்சிருக்கே டாக்டர், ஒரு நாயம் வாணாமா?" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பொம்பளைக் கிட்னிக்குச் சீட்டு இல்லை என்றவர்தான்.

அண்ணனுக்குக் கையில் ஊசி ஏற்றிப் பெரிய மருந்தாகச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இந்த மருந்துக்கு உடம்பு அடங்கினால் கிட்னி பிழைக்கும், அடங்காவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். எடுத்துவிட்டு எங்கே வைப்பது? எனக்குத் திருப்பி வைக்க முடியாது. இன்னொன்று கொடுக்க என்னிடம் இல்லை. படுக்கைக்குக் கீழே சிறுநீர் பாட்டில் இருந்தது. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அண்ணி தெய்வங்களை எல்லாம் வேண்டிக்கொண்டே இருந்தாள். தலைவர் வார்டு வாசலில் நின்று போகிற வருகிற டாக்டர்களை எல்லாம் கும்பிட்டார். அதில் பாதிப் பேர் டாக்டரே இல்லை.

மறுநாள் காலை நான் மஞ்சள் மாத்திரையை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு மறுபடியும் பிடிவாதமா என்று எனக்குக் கோபம் வந்தது.

"இன்னாண்ணா, இன்னும் உனக்கு அந்த வெத்தல பாக்கு புத்தி போவலியா?"

"அது இல்லமே" என்றான். "ஊரு சொன்னதுக்காவ நான் நிறுத்தல. அந்த டாக்டர் மொத நாளே சொன்னாருல்ல, என் ஒடம்பு உன்ன யாரோன்னு நெனைக்குதுன்னு. அதுக்குத்தான் மாத்திரைன்னு. ஒவ்வொரு வாட்டியும் கையில எடுக்கச் சொல்லோ எனக்கு அதான் ஞாபகம் வருது. என் தங்கச்சி கிழிச்சிக் குடுத்தா, என் ஒடம்பு அவள வாசல்ல நிக்க வெச்சி நீ யாருன்னு கேக்குது. அதத் தெனம் நான் ஒத்துக்கினு முழுங்கணுமா? ஊரு நம்ப ஆளுன்னு சொன்ன அன்னிக்கு எனக்கு அப்டி ஒரு சந்தோசம். அப்பறமும் அத போட்டா உன்ன அசிங்கப்படுத்தறாப்பல இருந்துது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் லேசில் அழுகிறவள் இல்லை. விலாவைப் பிளந்தபோதுகூட அழவில்லை, திட்டினேன். அவனை ஒரு அறை விடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. அவன் கையில் ஊசி இருந்ததால் இரண்டும் முடியாது.

"உன் ஒடம்பு இன்னா சொல்லுதுன்னு யார் கேட்டா?" என்றேன். "அது யாருன்னு கேக்கட்டும். சாவற வரைக்கும் கேட்டுக்கினே இருக்கட்டும். நீ தெனம் காலைல எழுந்து அதுங்கிட்ட, மூடு வாய, இவ என் தங்கச்சின்னு சொல்ற. அதுக்குத்தாண்ணா இந்த மாத்திரை. ஒரு நாளு நீ சொல்லலன்னா என்ன யாரு உள்ள வுடுவா?"

அவன் வாயைத் திறந்தான். நான் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பாட்டில் நிறைந்தது. நர்ஸ் எடுத்துப் போவதற்குள் தலைவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வார்டு முழுக்கக் காட்டினார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். அண்ணி பாட்டிலைப் பார்த்துக் கும்பிட்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

அண்ணன் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தான். ஏரியில் வலை போட்டான், கத்தினான், சாப்பிட்டான். பசியாவரம் போய்த் தங்குகிற நாட்களில் காலையில் நான் அவனைக் கவனிப்பேன். மஞ்சள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிந்து தன் உடம்பை ஒரு முறை முறைப்பான். உதடு அசையும், என்ன சொல்கிறான் என்று கேட்காது. பிறகு போட்டுக்கொண்டு படகுக்குப் போவான்.